கேட்பதா, அடைப்பதா: யார் சொல்வது?

முப்படைத் தலைமைத் தளபதி அவர்களுக்கு,

வணக்கம். தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து எழுதுகிறேன். தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருபத்தெட்டு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன்.

பாகிஸ்தானோடு மோதல் நடந்துகொண்டிருந்த 2025 மே 8 இரவு எங்கள் குடியிருப்பில் யாரும் தூங்கவில்லை. கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அழித்துவிட்டது என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா திருநெல்வேலிக்காரர், மகன் கடற்படையில் இருக்கிறான். போனைக் கையில் பிடித்தபடியே வந்து, "அண்ணாச்சி, இவன் கப்பலும் அங்கதான் போயிருக்குமோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தச் செய்தியே பொய் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதே மாதம் 31ஆம் தேதி சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி என்ற முறையில் பேசிய ஜெனரல் அனில் சவுகான், அந்த மோதலில் நாம் நடத்திய ஆபரேஷன் சிந்தூரின்போது 15 சதவீத நேரம் பொய்ச் செய்திகளை எதிர்கொள்வதிலேயே போனது என்றார். தகவல் போருக்கென்று, அதாவது செய்தியையும் தொடர்பையும் ஆயுதமாக்கி நடக்கும் போருக்கென்று, தனிப் பிரிவு வேண்டும் என்றும் சொன்னார். மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிரிவுக்கு யார் தளபதி, அவர் எந்த அறையில் உட்காருவார் என்பதுதான் என் கவலை.

ஏன் கவலை என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். எதிரி பேசும் வானொலி அலைவரிசை ஒன்று நமக்குச் சிக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கேட்கும் பிள்ளைகளுக்கு அது திறந்தே இருக்க வேண்டும். இரைச்சலை அனுப்பிப் பேச்சைத் தடுக்கும் ஜாமர் வண்டிக்காரருக்கு அதை அடைத்தாக வேண்டும். நம் வானொலி செட்டும் பக்கத்து அலைவரிசையில் ஓடினால், அடைத்த மறுநிமிடம் நம் காதிலும் இரைச்சல்தான். பயிற்சி ஒன்றில் நானே பட்டிருக்கிறேன். ஹெட்போனில் சடசடவென்று சத்தம், எதிர்முனையில் பேசியவரின் குரல் பாதி வார்த்தையோடு அறுந்தது. எதிரணிதான் அடைக்கிறது என்று நினைத்து அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நாற்பது நிமிடம் கழித்துத் தெரிந்தது, அது நம்முடைய ஜாமர். யார் மேலும் தப்பில்லை. அவரவர் உத்தரவைத்தான் செய்தார்கள். இரண்டு உத்தரவையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்று சைபருக்கு முப்படைக்கும் பொதுவாக ஒரு முகமை இருக்கிறது. தரைப்படையில் தகவல் போருக்கென்று தலைமை இயக்குநர் இருக்கிறார். இப்படிக் கேட்பதும் அடைப்பதுமான மின்னணுப் போர் மூன்று படையிலும் தனித்தனியாக நடக்கிறது. வேறு படை ஆள் மீது அதிகாரம் இல்லை என்ற பழைய தடையும் முப்படை அமைப்புகளுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நீங்கிவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் திணிக்கச் சொல்லவில்லை. சீனா 2015 கடைசியில் விண்வெளி, சைபர், மின்னணுப் போர் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படை கட்டியது. 2024 ஏப்ரலில் அதைக் கலைத்து மூன்றாகப் பிரித்தது. ஆட்களும் கருவிகளும் அவரவர் படையிலேயே இருக்கட்டும். ஆனால் கூட்டு நடவடிக்கை என்று வந்துவிட்டால், கூட்டுத் தளபதிக்குக் கீழே ஒரே ஒரு அதிகாரி வேண்டும். கேட்பதா அடைப்பதா என்று தீர்த்துச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். திட்டம் போடும் மேசையில் முதல் நாளிலிருந்தே அவருக்கு நாற்காலி வேண்டும். எல்லாம் முடிவான பிறகு அவரைக் கூப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. எதிரியை ஏமாற்றும் வேலையும் மக்களான எங்களிடம் பேசும் வேலையும் ஒரே கையில் இருக்கக் கூடாது. அந்த நாட்களில் வெளியுறவுச் செயலரோடு கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் செய்தியாளர்களுக்கு விளக்கம் சொல்லத் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் சத்தமே இருக்காது. அவர்கள் சொன்னதை நம்பினோம். அந்த மேடையிலிருந்து ஒரே ஒரு பொய் வந்தாலும் அந்த நம்பிக்கை திரும்பி வராது. எதை எப்போது சொல்வது என்று இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விடலாம், பொய் சொல்லக் கூடாது.

அன்று இரவு கப்பல் எங்கே நிற்கிறது என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. "நாங்கள் சொல்லும்வரை எதையும் நம்பாதீர்கள்" என்று நடுராத்திரியிலேயே ஒரு வரி வந்திருந்தால் போதும், அவர் போய்ப் படுத்திருப்பார். அந்த ஒரு வரிக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னல்ஸ் சுபேதார்,
ஆர்.கே.புரம், புது தில்லி