மஸில் கார்களின் எடையும் விலையும்: கார் நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் கார் ஒன்றின் உரிமையாளர்,
கேன்டன், மிச்சிகன்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், மிச்சிகன்.

பொருள்: இரண்டு கதவு வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) காரின் அதிக எடை, அதிக விலை, டீலர் ஏற்றிய கூடுதல் தொகை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2022-ல் உங்கள் நிறுவனத்தின் இரண்டு கதவு வி8 காரைப் புதிதாக வாங்கினேன். பழைய மஸில் காரின், அதாவது அறுபதுகளில் பெரிய எஞ்சினோடு வந்த மலிவான காரின், பெயரையும் உருவத்தையும் சொல்லி நீங்கள் விற்கும் கார் அது. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதைச் செய்தவர்களுக்கு என் மரியாதையைத் தெரிவித்துவிடுங்கள். என் புகார் அந்த எஞ்சினைச் சுற்றி நீங்கள் கட்டியிருக்கும் மற்ற எல்லாவற்றைப் பற்றியும், அதற்கு நீங்கள் கேட்கும் காசைப் பற்றியும்தான். சர்வீஸ் சென்டரில் சொன்னேன். "இது பழுது இல்லை சார், வண்டியே அப்படித்தான்" என்றார்கள். சரி, வண்டி ஏன் அப்படி இருக்கிறது என்று அதைச் செய்தவர்களையே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் விலை. முன்பணம் கட்டி ஆர்டர் கொடுத்தபோது பேசிய விலை, நீங்கள் அறிவித்த விலை. வண்டி வந்து இறங்கியதும் டீலர் கூப்பிட்டார், போனேன். ஜன்னல் கண்ணாடியில் சட்டப்படி ஒட்டவேண்டிய உங்கள் விலை ஸ்டிக்கர் இருந்தது. அதன் பக்கத்தில் அதே அளவில், அதே மாதிரி எழுத்தில் இன்னொரு தாள். "சந்தை நிலவரத்துக்கேற்ற கூடுதல் தொகை" என்று ஒரு வரி, அதற்கு 6,000 டாலர். கீழே பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு. அதற்கும் கீழே டயரில் நைட்ரஜன் அடித்ததற்குத் தனிக் காசு. வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது என்றார்கள். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். டீலர்கள் தனி வியாபாரிகள், அவர்கள் வைக்கும் விலையில் நாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் கட்டினேன்.

அந்த ஸ்டிக்கர் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டீலர்கள் வாய்க்கு வந்த விலையைச் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தால் 1958-ல் வந்தது அது. இன்றும் அதை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். வாங்குகிறவன் கண்ணுக்கு உண்மையான விலை தெரியவேண்டும் என்பதற்காக வந்த தாள். அதன் பக்கத்திலேயே இன்னொரு தாளை ஒட்டி அதன் அர்த்தத்தைக் காலி செய்வதை உங்கள் பெயர்ப் பலகையின் கீழேயே செய்கிறார்கள். உங்களால் நேரடியாக விலையைக் கட்டுப்படுத்த முடியாமல் இருக்கலாம். ஆனால் எந்த டீலருக்கு எத்தனை வண்டி அனுப்புவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளரிடம் கூடுதல் தொகை வாங்கிய டீலருக்கு அடுத்த முறை நான்கு வண்டி குறைத்து அனுப்பினால், இந்தத் தாள் தானாகவே மறைந்துவிடும்.

அந்தத் தொகையைக் கழித்துப் பார்த்தாலும் விலை யானை விலை குதிரை விலைதான். நீங்கள் யாருடைய பெயரைச் சொல்லி விற்கிறீர்களோ, அவர்கள் விலையைச் சொல்கிறேன். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கின் தொடக்க விலை 2,368 டாலர். அன்றைய காசை இன்றைய காசாக மாற்றினால் 24 ஆயிரம் டாலர் அளவுக்கு வரும். அதே வருடம் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு, லெமான்ஸ் என்ற நடுத்தரக் காரில் 6.4 லிட்டர் வி8 எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று பெயரிட்டது. அதற்குக் கூடுதலாக வாங்கியது 300 டாலருக்கும் கீழே. இத்தனைக்கும் அந்த அளவுக் காரில் அவ்வளவு பெரிய எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் உள்விதி ஒன்று இருந்தது. தனி மாடலாக இல்லாமல் கூடுதல் வசதியாகப் பட்டியலில் சேர்த்து அந்த விதியைத் தாண்டினார்கள்.

என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் 1968 பிளைமவுத் ரோட் ரன்னர். ஜிடிஓ-வின் விலை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து, இளைஞர்களின் பாக்கெட்டுக்கு எட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த கார் அது. தரையில் கம்பளம் கிடையாது, ரப்பர் விரிப்புதான். முன்னால் தனித்தனி இருக்கை கிடையாது, ஒரே நீள இருக்கை. மிச்சம் பிடித்ததையெல்லாம் 6.3 லிட்டர் எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் போட்டார்கள். தொடக்க விலை 2,896 டாலர், இன்றைய காசில் 26 ஆயிரத்தை ஒட்டி. முதல் வருடமே சுமார் 45 ஆயிரம் கார்கள் விற்றன. தொழிற்சாலையில் மணிக்கணக்கில் நின்று வேலை பார்த்தவர்கள், மாதத் தவணையில் வாங்கி, வெள்ளிக்கிழமை இரவு டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் ஓட்டிய ரகக் கார்கள் இவை. மஸில் கார் என்றாலே அதுதான்: பெரிய எஞ்சின், சாதாரண உடம்பு, சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகும் விலை. மூன்றில் இரண்டைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

இப்போது எடை. என் கார் எத்தனை பவுண்டு என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு இருக்கிறதே! விலை ஸ்டிக்கரில் மைலேஜ் இருக்கிறது, விபத்துச் சோதனை நட்சத்திரம் இருக்கிறது, எடை இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், ஆளும் சாமானும் ஏற்றி அதிகபட்சம் எவ்வளவு கனம் வரலாம் என்று போட்டிருக்கிறது, வண்டியின் எடை இல்லை. விற்பனையாளருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஐ-94 நெடுஞ்சாலையோரம் லாரிகளை எடை போடும் மேடையில் கொண்டுபோய் ஏற்றினேன். முழு டேங்க் பெட்ரோலும் நானும் சேர்ந்து 4,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. ஏறத்தாழ 1,850 கிலோ! இரண்டு பேர் சௌகரியமாக உட்கார்ந்து, பின்னால் இரண்டு குழந்தைகளை நெருக்கி உட்காரவைக்கும் காருக்கு இந்த எடை. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த முதல் மஸ்டாங் சுமார் 2,500 பவுண்டு.

இது உங்கள் ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. டெட்ராய்ட் முழுக்க இப்படித்தான் நடந்தது. 2008-ல் டாட்ஜ் சேலஞ்சரை மீண்டும் கொண்டுவந்தபோது, நான்கு கதவுப் பெரிய செடான் ஒன்றின் அடித்தளத்தைச் சற்றுக் குறுக்கி அதன்மேல் கட்டினார்கள். எடை 4,100 பவுண்டுக்கு மேல் போனது. 2010 செவ்ரோலே கமாரோவின் அடித்தளம் ஆஸ்திரேலியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் கிளையான ஹோல்டன் உருவாக்கியது, அதுவும் பெரிய கார்களுக்கானது. வி8 பொருத்திய எஸ்எஸ் என்ற ரகம் சுமார் 3,860 பவுண்டு. தனியாக அடித்தளம் செய்யப் பணம் இல்லை என்று செடான் அடித்தளத்தை எடுத்தார்கள், செடானின் கனமும் கூடவே வந்துவிட்டது.

கனம் எப்படிக் கனத்தை வரவழைக்கிறது என்பதை என் வீட்டு கராஜிலேயே பார்க்கிறேன். இங்கே பனிக்காலம் வந்தால் டயர் மாற்றியாக வேண்டும், நானேதான் மாற்றுகிறேன். பின்சக்கரம் 20 அங்குலம். டயரோடு சேர்த்து அதைத் தூக்கி நட்டுகள் பொருந்தும் இடத்துக்கு நேராகப் பிடிப்பதற்குள் இடுப்பு போய்விடுகிறது, 50 பவுண்டுக்கு மேல் இருக்கும். அறுபதுகளில் இந்த ரகக் கார்களில் 14 அங்குலச் சக்கரம் போதும் என்று இருந்தது. இன்று வண்டி கனம், அதனால் பெரிய பிரேக் தட்டு வேண்டும். பெரிய தட்டு உள்ளே அடங்கப் பெரிய சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரத்தைத் தாங்க முரட்டு சஸ்பென்ஷன், அதைத் தாங்க இன்னும் கனமான சட்டகம். இவ்வளவையும் இழுக்க இன்னும் பெரிய எஞ்சின், இன்னும் பெரிய டேங்க். ஒவ்வொரு சுற்றுக்கும் பில் எங்கள் தலையில். பின் டயர் இரண்டும் 12 ஆயிரம் மைலுக்குள் தேய்ந்துவிட்டன. நான் ரேஸ் ஓட்டவில்லை, வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு ஜோடி டயர் மாற்றிய பில்லின் நகலை இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

பாதுகாப்பு விதிகள்தான் காரணம் என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. காற்றுப்பை, பக்கவாட்டு மோதல் தாங்கும் கதவுக் கம்பி எல்லாம் உயிர்காக்கும் சாமான்கள். கூரையைப் பற்றி 2009-ல் வந்த விதி, கார் தன் எடையைப் போல மூன்று மடங்கைத் தாங்கவேண்டும் என்கிறது. முன்பு ஒன்றரை மடங்காக இருந்தது. இதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை, என் குழந்தையும் அந்தக் காரில்தான் வருகிறது. ஆனால் அந்தக் கூரை விதியையே பாருங்கள். வண்டி கனமாக ஆக, கூரையும் இன்னும் பலமாக வேண்டும். எடையைக் குறைத்தால் விதியை நிறைவேற்றுவதும் சுலபமாகிறது. இதே விதிகளுக்கு உட்பட்டு, இதே அமெரிக்காவில் டொயோட்டா ஜிஆர்86 விற்கிறது. நான்கு இருக்கை, பின்சக்கர இழுவை, சுமார் 2,850 பவுண்டு, விலை 30 ஆயிரம் டாலரை ஒட்டி. நான்கு சிலிண்டர் எஞ்சின்தான், ஒப்புக்கொள்கிறேன். வி8 எஞ்சினுக்கும் அதைத் தாங்கும் கியர்பாக்ஸுக்கும் 500 பவுண்டு தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் என் காரைவிட எவ்வளவோ கீழே நிற்கிறது.

டெட்ராய்ட் நிறுவனங்களால் முடியாது என்பதும் இல்லை. 2016-ல் கமாரோவை காடிலாக் ஏடிஎஸ் என்ற சிறிய செடானின் அடித்தளத்துக்கு மாற்றியபோது எஸ்எஸ் 3,700 பவுண்டுக்குக் கீழே இறங்கியது, முந்தையதைவிட 200 பவுண்டுக்கு மேல் குறைந்தது. ஓட்டியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் விலை ஏறியது, ஜன்னல்கள் வெளியே பார்க்கமுடியாத அளவுக்குச் சிறுத்திருந்தன, விற்பனை சரிந்தது. 2024 மாடலோடு கதை முடிந்தது. எடை குறைந்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று உங்கள் ஆட்கள் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டால் அது தவறான பாடம். எடையோடு விலையும் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் தருவது வேறொன்று. கனம் குறைந்த காரை நீங்கள் எல்லோரும் செய்கிறீர்கள், பணக்காரர்களுக்கு மட்டும். 2020 ஃபோர்டு ஷெல்பி ஜிடி500-ல் கார்பன் ஃபைபர் சக்கரம் வேண்டுமென்றால் அது அடங்கிய கூடுதல் வசதித் தொகுப்புக்கு மட்டும் 18,500 டாலர். அதை வாங்கினால் பின் இருக்கையை எடுத்துவிடுவார்கள். 2018 சேலஞ்சர் டீமனில் எடையைக் குறைக்க முன்பக்கப் பயணி இருக்கையையும் பின் இருக்கையையும் எடுத்துவிட்டு, வேண்டுமானால் தலா 1 டாலருக்குத் தருகிறோம் என்றார்கள். அந்தக் காரின் விலை 80 ஆயிரம் டாலருக்கு மேல். 1968-ல் கம்பளத்தை எடுத்தபோது விலை குறைந்தது. இன்று இருக்கையை எடுத்தால் விலை ஏறுகிறது. இதை எந்த வாடிக்கையாளரிடம் நியாயப்படுத்துவீர்கள்?

மின்சாரக் கார்களில் இது இன்னும் முற்றிவிட்டது. டாட்ஜின் சார்ஜர் டேடோனா 5,838 பவுண்டு, 2,648 கிலோ. அறிமுக விலை 60 ஆயிரம் டாலரை ஒட்டி. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் இப்படிக் கனத்துக்குமேல் கனம் ஏற்றிக்கொண்டே போனால் எதிரே சின்னக் காரில் வருகிறவன் கதி என்ன? தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி 2023-லேயே கனமான மின்வாகனங்கள் பற்றி எச்சரித்துவிட்டார். உங்கள் அடுத்த மாடலை இந்தத் திசையில் யோசித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இப்போதே நிறுத்துங்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். நான் ஆர்டர் கொடுத்த விலைக்கு மேல் வாங்கிய 6,000 டாலரை டீலரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரவேண்டும். ஆர்டர் படிவத்தில் அன்றைய விலை கையெழுத்தோடு இருக்கிறது. அப்புறம், இனி விற்கும் ஒவ்வொரு காரின் எடையையும் ஜன்னல் ஸ்டிக்கரிலேயே அச்சடியுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களாகவே செய்யலாம். அதற்குப் பைசா செலவு கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. இருக்கும் வி8 எஞ்சினோடு ஒரு எளிய மாடல் கொடுங்கள். துணி இருக்கை, கையால் நகர்த்தும் வசதி போதும். 18 அங்குலச் சக்கரம் போதும். டேஷ்போர்டு முழுக்கப் படரும் திரை வேண்டாம், சட்டப்படி தேவைப்படும் பின்பக்கக் கேமராவுக்கு ஒரு சின்னத் திரை இருந்தால் சரி. பனோரமா கண்ணாடிக் கூரை, பத்துப் பன்னிரண்டு ஸ்பீக்கர், நிறம் மாறும் உள்விளக்கு எதுவும் வேண்டாம். காற்றுப்பையும் பிரேக்கும் முழுசாக இருக்கட்டும். இப்போதைய அடித்தளத்திலேயே இதனால் எத்தனை பவுண்டு குறையும், எத்தனை டாலர் குறையும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு ஒரு வாரத்தில் கணக்குப் போடத் தெரியும். அவர்களில் பலர் என் அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கிறார்கள், இந்தப் பேச்சை எடுத்தால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அனுமதி கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற அச்சடித்த பதில் எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அதையே திரும்ப அனுப்பவேண்டாம். இந்த முறை தயாரிப்புத் திட்டப் பிரிவிலிருந்து பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவர் பதில் எழுதவேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், டீலர் வாங்கிய கூடுதல் தொகை குறித்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுப்பேன்.

இணைப்பு: ஆர்டர் படிவம், இரண்டு ஸ்டிக்கர்களின் புகைப்படம், இறுதி ரசீது, எடைமேடைச் சீட்டு, டயர் பில்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.