செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்குக்கு முன் அரசலாற்றுப் படித்துறையைச் சுத்தம் செய்தோம். சுதந்திர தினத்தில் கொடியேற்றினோம். ஐப்பசியில் கண் சிகிச்சை முகாம் நடந்தது. வாய்க்கால் தூர்வார மனு கொடுத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு என் நேரமெல்லாம் நம் சங்கத்தின் கணக்கைச் சீர்செய்வதில்தான் போனது. பொறுப்பேற்றபோது என் கைக்கு வந்தது ஒரு மஞ்சள் பை. மூன்று ரசீதுப் புத்தகம், ஒரு பாஸ்புக், கம்பியில் குத்திய பில்கள். பில்களில் பாதி கடை மிஷினில் அடித்தவை. எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிட்டன. படித்துறைக்கு வாங்கிய சிமெண்டின் பில்லும் அப்படித்தான். சிமெண்ட் படியில் இருக்கிறது, பில்லில் ஓர் எழுத்துகூட இல்லை. ஒரு ரசீதுப் புத்தகத்தில் 37ஆம் எண் அடிக்கட்டையோடு காணோம். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. தாள் இல்லாவிட்டால் காசைத் தொடாதவர் தலையிலும் பழி விழும்.

இப்போது வசூலிப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. மிஷின் பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோடு ஒட்டிவிடுகிறோம். மாதம் ஒருமுறை பாஸ்புக்கை ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிடுகிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுகளாக நின்றுபோயிருந்ததை ஆடிட்டரிடம் அலைந்து முடித்தோம்.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவை ஏன் வாங்கவில்லை என்று சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த விண்ணப்பத்தோடு ஆண்டுக் கணக்குகளை வைக்க வேண்டும். நம்மிடம் இதுவரை ஒழுங்கான கணக்கு இல்லை. பதிவு கிடைத்தாலும் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. ஆகவே இப்போதிருந்தே வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். "சங்கப் பணம் எங்கே போகிறது?" என்று டீக்கடையில் பேச்சு வந்தது. சரி, நேரிலேயே பார்க்கட்டும் என்று தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் புத்தகங்களையும் விரித்து வைத்தேன். நாற்பது நாற்காலி போட்டோம். வந்தவர்கள் ஆறு பேர். கேள்வி கேட்டவர்களில் ஒருவரும் வரவில்லை. பாதிப் பேருக்கு மேல் சந்தாவும் பாக்கி.

வரவுக்குள்தான் செலவு செய்திருக்கிறோம், கையிருப்பு சொற்பம். முழு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், ஜமுக்காளம், நாற்காலி கொடுத்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு, செயற்குழுவில் இல்லாத இரண்டு பேர் உள்தணிக்கைக்கு வேண்டும். மாதம் ஒரு மாலை போதும். இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை. நான் எழுதும் கணக்கை நானே சரிபார்த்துக்கொண்டிருந்தால் அது தணிக்கை ஆகாது. அப்படியே நீடித்தால் இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு மனம் வரவில்லை. நிலுவைப் பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசலருகே மேஜையில் இருக்கின்றன. இரவு எட்டு மணிவரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

செயலாளர்