செங்கோல் சிவந்த கோல் அன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

செங்கோல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, 'செம்பொன்னால் ஆன கோல்' என்று அச்சொல்லுக்குப் பொருள் தந்திருந்தது. அரசன் கைக்கோலுக்கு அது பொருந்தாது. செங்கோல் என்றால் நேரான கோல், வளையாத கோல்.

குழப்பத்துக்குக் காரணம் 'செம்மை' இரு பொருள் தருவதுதான். செம்மண், செந்தாமரை என்றால் நிறம். செங்குத்து, செங்கோணம் என்றால் நேர்மை. 'செங்கோல் அம்பின் செங்கோட்டு யானை' என்று குறுந்தொகையின் முதற்பாட்டே இச்சொல்லைச் சிவப்புப் பொருளில் ஆள்கிறது. அங்கே போர்க்களம் குருதியால் சிவந்தது. அம்பும் யானைக்கொம்பும் சிவந்தன. ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. எதிர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும்.

நிறந்தான் பொருள் என்றால் எதிர்ச்சொல் கருங்கோல் என்று இருந்திருக்கும். 'கருங்கோற் குறிஞ்சி' (குறுந்தொகை 3) செடியின் கரிய தண்டைத்தான் சொல்கிறது. ஆட்சிக்கு வழங்குவது கொடுங்கோல். கொடு என்பது வளைவு: கொடுவாள் வளைந்த வாள், கொடுமரம் வில். 'வேலன்று வென்றி தருவது மன்னவன் கோலதூஉம் கோடா தெனின்' (546) என்ற குறளில் கோடாது என்றாலும் வளையாது என்பதே பொருள். இதைவிடத் தெளிவான சான்று சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் உள்ளது. பாண்டியன் உயிர்விட்டதைக் கேட்ட செங்குட்டுவன் சொல்கிறான்:

'வல்வினை வளைத்த கோலை மன்னவன்
செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது.'

வளைந்தது நிமிர்ந்தால் செங்கோல். இளங்கோவடிகள் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை.

புணர்ச்சியும் ஒத்துவருகிறது. செம்மை + கோல் என்பதில் 'மை' கெட்டு, 'ம்' இன எழுத்தாகிய 'ங்' ஆகத் திரிந்தது. கொடுமை + கோல் என்பதில் 'மை' கெட்டபின் 'ங்' புதிதாகத் தோன்றியது. நன்னூல் 136ஆம் நூற்பா முன்னதை முன்னின்ற மெய் திரிதல் என்றும் பின்னதை இனமிகல் என்றும் சொல்லும். 'சங்கு' என்ற சொல்லிலிருந்து செங்கோல் வந்தது என்பாரும் உண்டு. சங்கு + கோல் சேர்ந்தால் சங்குக்கோல் என்றுதான் வரும். சகரம் செகரமாக வழியே இல்லை.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. திருக்குறளின் 55ஆம் அதிகாரத் தலைப்பான செங்கோன்மையைச் செம்மை + கோன் + மை என்று பிரித்து, 'கோன்' அரசன் என விளக்குகிறார்கள். அது செங்கோல் + மை. மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும். கல் + மலை கன்மலை ஆவதைப் போல. அடுத்த அதிகாரமாகிய கொடுங்கோன்மைக்கும் இதே விதிதான்.

பள்ளி மாணவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

– வாசகர், கும்பகோணம்