இது ஆலயமா, சத்திரமா? மூப்பர் ஐயாவுக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மூப்பர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று, "இது ஆலயமா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனீர்கள். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நமது கட்டடத்தை ஞாயிறு பிற்பகலில் வேறொரு சபைக்கும், வார நாட்களின் மாலைகளில் வெளிக் குழுக்களுக்கும் திறந்துவிடலாம் என்ற தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்தவன் பொருளாளனாகிய நான்தான். நேரில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் கேள்வி, அன்றைக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பாதிப் பேருடைய கேள்வியும்கூட என்பதால், சபையார் எல்லோரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. அந்தத் தீர்மானத்தை நேற்று இரவு மறுபடி எடுத்துப் படித்தேன். கூரைப் பழுது, மின்கட்டணம், ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் காணிக்கை என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 'வருமானம்' என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. 'ஊழியம்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கணக்குப் பார்க்கிறவன் கையால் எழுதிய தீர்மானம் அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் மன்னித்துவிடலாம், ஆனால் ஓர் ஆலயத்தின் கதவைத் திறப்பதற்குப் பணமுடை ஒன்றே காரணமாக இருந்தால், முடை தீர்ந்த அன்றே கதவைச் சாத்திவிடுவோம் என்ற உங்கள் அச்சம் சரியானது.

அதே கணக்கு நோட்டிலிருந்து இன்னொன்றையும் சொல்ல விடுங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆராதனை, ஞாயிறு பள்ளி, பாடகர் குழுவின் பயிற்சி, ஜெபக்கூட்டம் எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் நாம் உள்ளே இருப்பது 9 மணி நேரம். மற்ற 159 மணி நேரமும் நம் முன்னோர் வியர்வை சிந்திக் கட்டிய இடம் பூட்டுக்குப் பின்னால் பரிசுத்தமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பரிசுத்தமாக இருக்கிறதோ என்னவோ, வெறுமையாக இருக்கிறது.

கட்டடமே இல்லாமல் தொடங்கியவர்கள் நாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பவுல் எபேசுவில் இரண்டு வருஷகாலம் போதித்தது திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில். அதாவது, இன்னொருவருக்குச் சொந்தமான இடத்தில். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், பிலேமோனும் தங்கள் வீடுகளையே சபைக்குத் திறந்தார்கள். ஐபிராத்து நதிக்கரையில், இன்றைய சிரியாவில் உள்ள தூரா யூரோப்போஸ் என்ற இடத்தில், 1930களில் அகழ்ந்தெடுத்த சபைக்கூடம் ஒன்று உண்டு. கி.பி. 240ஐ ஒட்டி யாரோ ஒருவருடைய சாதாரண வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடுவதற்கு இடம் பண்ணியிருக்கிறார்கள். இன்னோர் அறையை ஞானஸ்நானத்துக்கு ஒதுக்கி, அதன் சுவர்களில் நல்ல மேய்ப்பனையும், தண்ணீர்மேல் நடக்கிற இயேசுவையும் வரைந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெருவிலிருந்த மற்ற வீடுகளைப் போல ஒரு வீடு, அவ்வளவுதான். நமது கோபுரத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். கோபுரம் எனக்கும் பிடிக்கும், அதன் பழுதுச் செலவைத் தவிர.

பகிர்ந்துகொண்டாலே எல்லாம் நலமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தை ஆறு திருச்சபைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. யாருக்கு எந்த மூலை, யார் எந்தப் படியைப் பெருக்குவது என்பதெல்லாம் 1852இல் ஒட்டோமன் அரசு உறுதி செய்த ஏற்பாட்டில் உறைந்து நிற்கிறது. முகப்பு ஜன்னலுக்குக் கீழே 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு சிறிய மர ஏணி சாத்தியிருக்கிறது. எல்லோரும் சம்மதித்தாலொழிய யாரும் அதை எடுத்து அப்பால் வைக்க முடியாது. 2008 நவம்பரில் அங்கே இரண்டு சபைகளின் துறவிகள் கைகலப்பில் இறங்கினார்கள். வாசலின் திறவுகோலோ தலைமுறை தலைமுறையாக இஸ்லாமியக் குடும்பத்தார் கையில் இருக்கிறது. ஜெர்மனியின் பாவுட்சன் நகரத்துப் பேராலயம் வேறு விதம். 1524 முதல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒரே கூரையின்கீழ் ஆராதிக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி நின்ற நடுத்தடுப்பு, 20ஆம் நூற்றாண்டில் இடுப்பளவாகக் குறைந்தது. தடுப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தப் பக்கத்து முகம் தெரிகிறது.

நமக்கு எது நேரும் என்பதை அந்தத் தோல்பை விஷயத்திலேயே பார்த்துவிட்டோம். பழகிப் பார்ப்பதற்காக ஒரு மாதம் கதவைத் திறந்துவிட்டோமே, அதன் இரண்டாவது ஞாயிறு, மற்றச் சபையின் பையன் ஒருவன் தன் டிரம்ஸ் பையைத் திருவிருந்து மேசையின்மேல் வைத்துவிட்டான். நான் கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையை இரண்டு கையாலும் எடுத்து முன் பெஞ்சில் வைத்தீர்கள். மேசை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டீர்கள். பிறகு அதன் ஓரம் சமமாகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தீர்கள். அந்தப் பையன் முகம் சிவந்து நின்றான். அவர்களுடைய வழக்கத்தில் மேசைக்குத் தனி மரியாதை இல்லை என்பதை அவர்களுடைய போதகர் பிறகு வருத்தத்தோடு என்னிடம் சொன்னார். ஒருவர் சொல்லியிருந்தால் அவன் செய்திருக்க மாட்டான். நாம் கொடுத்தது ஒரு திறவுகோலும், விளக்குகளை அணைக்கச் சொல்லும் ஒரு தாளும். அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எங்களுக்கு எது பரிசுத்தம், உங்களுக்கு எது பரிசுத்தம் என்று பேசவில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஆகவே திருத்திய தீர்மானத்தில் பணத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். இங்கிலாந்தில் திருச்சபைகள் கட்டடங்களைப் பகிர்வதற்கென்றே 1969இல் ஒரு சட்டம் உண்டு; அவரவர் முறைப்படி தனியாக ஆராதிக்க இடம் கொடுப்பதோடு, சேர்ந்து ஆராதிக்கவும் அது வழிவிடுகிறது. நம் ஒப்பந்தத்திலும் அந்த இரண்டும் இருக்கட்டும். பராமரிப்பு, காப்பீடு, சாமான் அலமாரி ஆகியவற்றுக்கான விதிகளைச் செயலாளர் எழுதிவிடுவார். மேசை, பிரசங்க பீடம், ஞானஸ்நானத் தொட்டி ஆகியவற்றைப் பற்றிய பகுதியை மட்டும் நீங்கள் உங்கள் கையால் எழுத வேண்டும். எழுதியதை அவர்களிடம் நீங்களே வாசித்துக் காட்டவும் வேண்டும். அவர்களும் தங்களுடையதை வாசிப்பார்கள். நமது ஞாயிறு பள்ளியில் ஏழு பிள்ளைகள், அவர்களிடம் முப்பதுக்கு மேல். பொதுவாக ஒரு வகுப்பு நடத்தலாமா என்று கேட்டவர்கள் அவர்கள்தான். நமக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமைக் குழுவைப் பற்றி உங்களுக்கு அதிகமான தயக்கம் இருப்பது தெரியும். குடிப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் தொடங்கியது. உலகமெங்கும் அதன் கூட்டங்கள் எத்தனையோ ஆலயங்களின் பின்கட்டு அறைகளிலும் நிலவறைகளிலும் நடக்கின்றன. நம்மிடம் இடம் கேட்ட செவ்வாய்க் குழுவும் அதைச் சேர்ந்ததுதான். நான் பெருந்தன்மையோடு அவர்களிடம், "உங்களிடம் எதுவும் வாங்க மாட்டோம்" என்றேன். அவர்கள் மறுத்துவிட்டார்கள். வெளியார் உதவியைப் பெறாமல் தங்கள் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பது அவர்களுடைய பன்னிரண்டு மரபுகளில் ஏழாவது. சிறிய தொகையானாலும் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்களாம். கொடுக்கிறவன் என்ற இடத்திலேயே நின்று பழகிவிட்ட எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இது ஊழியமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். நாம் 'ஊழியம்' என்று பட்டியலிட்டு வந்தவை எல்லாவற்றிலும் நாம் பேசுகிறவர்கள், மற்றவர்கள் கேட்கிறவர்கள். அந்தப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுதினார். உபசரிப்பதற்கு அவர் வைத்த நிபந்தனை எல்லாம் முறுமுறுக்காதே என்பதுதான்; பொருளாளருக்கும் மூப்பருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார் போலும்.

சத்திரம் என்ற சொல்லை நீங்கள் இகழ்ச்சியாகச் சொன்னீர்கள். சத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லாமல் போன கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பிரசங்க பீடத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு சத்திரத்தில்தான். ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன பிறகு. இதைச் சொல்லிக் காட்டி உங்களை மடக்க எண்ணமில்லை. மேசை விரிப்பை நீவிவிட்ட கை இல்லாமல் அந்தக் கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆலயத்தைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளைக்கு வரும் செவ்வாய் மாலை விடுப்பு. ஆறரை மணிக்குப் பின்வாசலைத் திறந்து, பன்னிரண்டு நாற்காலிகளைப் போட இரண்டு பேர் வேண்டும். திறவுகோல் என்னிடம் இருக்கிறது. ஆறே காலுக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன்.

தங்கள் அன்புள்ள,
சபைப் பொருளாளன்