பாலத்து வளைவில் மிதவை விளக்குகளை எரியவைக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: படகுத்துறைப் பயணிகளும் படகோட்டிகளும்
பெறுநர்: உள்நாட்டு நீர்வழிப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் திரும்பவும் எழுதுகிறோம். இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலத்துக்குச் சற்று மேலே, ஆறு திரும்புகிற இடத்தில் எங்கள் படகு குறுக்கே கடக்கும் அதே வளைவுதான்.

1. அங்கு ஆழமான வழியைக் காட்டும் மிதவைகளில் விளக்கு எரிவதில்லை.

2. வெள்ளத்துக்குப் பிறகு மணல்திட்டு நகர்ந்துவிட்டது. மிதவைகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. அவற்றை நம்பி வந்தால் தரைதட்டும்.

3. எங்களை அதிகம் பயமுறுத்துவது இருட்டிலும் மூடுபனியிலும் இறங்கி வரும் பார்ஜ்கள், அதாவது தட்டையான பெரிய சரக்குப் படகுகள். நீரோட்டத்தோடு வரும் பார்ஜ் நினைத்த இடத்தில் நிற்காது. வேகத்தை மிகவும் குறைத்தால் சுக்கானுக்குக் கட்டுப்படாது. வளைவில் அதன் பின்பகுதி வெளிப்பக்கமாக ஒதுங்கிப் பாதி ஆற்றை அடைத்துவிடும். சரக்கில்லாத பார்ஜ் என்றால் முன்பகுதி தூக்கி நிற்கும். அதற்கு நேர் முன்னால் போகும் சிறுபடகு, பார்ஜ் ஓட்டுநரின் கண்ணில் படாது. இந்த மறைவு 250 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி. அந்த 250 மீட்டருக்குள்தான் ஐயா நாங்கள் கடக்கிறோம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு.

4. இதெல்லாம் வீண் பயம் என்று நினைக்க வேண்டாம். 1989இல் லண்டன் தேம்ஸ் ஆற்றில் மணல் அள்ளும் கப்பல் மோதி உல்லாசப் படகு மூழ்கியது. 51 பேர் இறந்தார்கள். 2019இல் புடாபெஸ்ட் நகரில், டான்யூப் ஆற்றில், பெரிய பயணக் கப்பல் இடித்து ஒரு சுற்றுலாப் படகு மூழ்கியது; 35 பேரில் 7 பேர்தான் பிழைத்தார்கள். இரண்டும் இரவில், பாலத்தருகே, ஒரே திசையில் போன பெரிய கப்பல் சிறிய படகை இடித்த விபத்துகள். 1993இல் அமெரிக்காவின் அலபாமாவில் மூடுபனியில் வழிதவறிய பார்ஜ்கள் ரயில் பாலத்தை இடித்து நகர்த்தின. அடுத்து வந்த ரயில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். பாலம், இருட்டு, பனி, எதிரில் இருப்பது தெரியாத ஓட்டுநர். இதில் எது ஐயா நம் வளைவில் இல்லை? தேம்ஸில் மீட்புப் படகு நிலையங்கள்கூட அத்தனை பேர் இறந்த பிறகுதான் வந்தன. இங்கும் அதற்குத்தான் காத்திருக்க வேண்டுமா?

5. நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அல்ல. விளக்கு எரிய வேண்டும். ஆழத்தை மறுபடி அளந்து மிதவைகளை நகர்த்த வேண்டும். வளைவுக்கு வருமுன் பார்ஜ்கள் ரேடியோவில் அறிவிக்க வேண்டும். அதைக் கேட்க எங்கள் படகுகளுக்கும் ரேடியோ வேண்டும். பனி நாட்களில் பாலத்தடியில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல் மட்டும் போகட்டும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் படகுகளைத் தடுங்கள். அது எங்களில் ஒருவருடைய படகாக இருந்தாலும் சரி.

முதலில் விளக்கு, ஐயா. மற்றதற்கு நாளாகும் என்றால் பொறுத்துக்கொள்கிறோம். விளக்கை மட்டும் இந்த மூடுபனிக் காலத்துக்குள் எரியவையுங்கள். எந்த நாளில் எரியும் என்று எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
படகுத்துறைப் பயணிகள், படகோட்டிகள்