வெள்ளிக்கிழமைகளின் பட்டியல் வேண்டி

சென்னைத் தொலைக்காட்சி நிலையப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

புதிதாக வந்திருக்கும் காதல் நாவல் ஒன்றில் இதுவரை அறுபது பக்கங்கள் படித்திருக்கிறேன். இம்மடலுக்கு அதுவே காரணம். கதை 1980-இல், மயிலாப்பூரின் ஒண்டுக்குடித்தனம் ஒன்றில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி நேரத்தில் வீட்டுக்காரரின் டிவியில் படம் ஆடத் தொடங்கினால், மொட்டைமாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவது நாயகனின் வேலை, கூடத்து ஜன்னலில் நின்று “தெரியுது... போச்சு... இன்னும் கொஞ்சம்” என்று குரல் கொடுப்பது நாயகியின் வேலை. இருவரும் இதுவரை பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதைக்கொண்டே ஒரு காதலை வளர்த்துவிட்ட ஆசிரியரின் கைப்பக்குவம் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கார மாமி மட்டும் பழைய வார்ப்பு.

ஆனால், திரையில் பாடிய நடிகையின் அரக்குச் சிவப்புச் சேலையைப் பார்த்து, அதே நிறத்தில் தனக்கும் ஒன்று வேண்டும் என்று நாயகி ஏங்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன். வண்ண ஒளிபரப்பு நம் நாட்டுக்கு வந்தது 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான்; அதற்கு முன் எந்தச் சேலையும் சாம்பல் நிறமே. எங்கள் தெருவில் ஒருவர் பெட்டிக்கு முன்னால் நீலத் தகடு ஒன்றை மாட்டிவைத்து, அதையே கலர் டிவி என்று எங்களிடம் சாதித்துவந்தார்.

வண்ணம் வந்த ஆண்டையாவது ஏதேனும் ஒரு நூலில் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமையில் என்னென்ன பாடல்கள் வந்தன, செவ்வாய்க்கிழமை நாடகத்தை யார் எழுதினார்கள், சிறுவர் நிகழ்ச்சியான ‘கண்மணிப் பூங்கா’வில் எந்தப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள் என்பதற்கெல்லாம் எங்களைப் போன்ற நேயர்களிடம் இருப்பது நினைவு மட்டுமே, அதுவும் ஆளுக்கொன்றாக இருக்கிறது. என் அக்காவும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்த நாடகத்தின் முடிவைப் பற்றி இன்றும் சண்டையிடுகிறோம்.

1987-இல் தொடங்கிய ‘ராமாயணம்’ தொடரை 2020 ஊரடங்கின்போது தில்லி தூர்தர்ஷன் மறுபடியும் ஒளிபரப்ப முடிந்தது, அந்த நாடாக்களை யாரோ பத்திரப்படுத்தியிருந்ததால்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கி, அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட உங்கள் நிலையத்திலும் எஞ்சியவை இருக்கும் என்று நம்புகிறேன். திரைப்பாடல்களின் உரிமைச் சிக்கல் எனக்குப் புரிகிறது; அவற்றை நான் கேட்கவில்லை. சொந்தத் தயாரிப்பான நாடகங்களையும் சிறுவர் நிகழ்ச்சிகளையும் முதலில் பொதுப் பார்வைக்குத் தாருங்கள். ஒளிநாடா அழிந்துபோயிருந்தால், அன்றன்றைய நிகழ்ச்சி நிரலையாவது தேதிவாரியாக வெளியிடுங்கள். எவை இருக்கின்றன, எவை இல்லை என்ற பட்டியலும் எங்களுக்குப் பயன்படும்.

முன்பெல்லாம் இத்தகைய வேண்டுகோளை, நேயர் கடிதங்களுக்கான உங்கள் ‘எதிரொலி’ நிகழ்ச்சிக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டிருப்பேன். இப்போது அது இல்லாததால் எல்லோரும் காண எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பழைய நேயர் ஒருத்தி