டி. பிருந்தாவை ஆசிரியையாகவும் நினைவுகூர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மார்கழி இசைச் சிறப்புப் பக்கங்களில் வீணை தனம்மாளைப் பற்றி வெளியான கட்டுரையை மிகுந்த ஈடுபாட்டுடன் படித்தேன். ஜார்ஜ் டவுனில் அவருடைய இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய ரசிகர்களைப் பற்றியும், கண்பார்வை போன பின்னும் குன்றாத அவருடைய வீணை நாதத்தைப் பற்றியும் எழுதியிருந்த பகுதிகள் மனத்தை நிறைத்தன. ஆனால், அவருடைய பேத்தி டி. பிருந்தாவைப் பாட்டியின் பதங்களை (காதலின் ஏக்கத்தை நிதானமாகச் சொல்லும் பாடல்களை)க் கச்சேரி மேடையில் பாடியவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை மேலே சென்றுவிட்டது. பல்லாண்டுகளாக வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. பிருந்தா அம்மையார் மேடையில் பாடியது பெரிது. சிஷ்யர்களுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அதனினும் பெரிது என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த பிருந்தா, தாய்வழியாகவே இசை இறங்கிவந்த குடும்பத்தில் வந்தவர். தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய முன்னோரின் வழியில் தோன்றிய தனம்மாளுக்கு (1867–1938) ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு மகள்கள். ஜயம்மாளின் பிள்ளைகளே நாட்டியத்தில் பாலசரஸ்வதியும், மிருதங்கத்தில் ரங்கநாதனும், புல்லாங்குழலில் விஸ்வநாதனும். காமாட்சியின் மகள்கள் பிருந்தா, முக்தா, வயலின் வாசித்த அபிராமசுந்தரி. அந்த வீட்டில் பெற்ற தாயே முதல் குரு. பாலசரஸ்வதி ஆடியபோது பின்னால் அமர்ந்து பாடியவர் அவரைப் பெற்ற ஜயம்மாள். பிருந்தாவுக்கும் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் தாய் காமாட்சிதான். பாட்டி வீணையில் ஒரு பிடியை, அதாவது இராகத்தைக் காட்டும் ஒரு சிறு சுரக்கோவையை, வாசிப்பதைக் கேட்டு, அதையே அம்மா குரலில் எடுக்கும்போது மறுபடி கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, இராகம் என்பது ஆரோகண அவரோகணமாக அறிமுகமாகியிருக்காது. பேச்சு வந்ததுபோலவே அதுவும் வந்திருக்கும்.

இந்த இடத்தில் காமாட்சி அம்மாளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அவருடைய பெயரை எவரும் எழுதுவதில்லை. தம்மிடமே அவ்வளவு பெரிய சொத்து இருக்கும்போது, மகளைக் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் குருகுலவாசத்துக்கு அனுப்பியது சாதாரணமான முடிவு அன்று. நாயனாப் பிள்ளை (1889–1934) தாளத்தில் வல்லவர், லயச் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்கள் வரிசையாக அமரும் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி அவருடையது. தனம்மாளின் வீட்டு இசையோ விளம்ப காலத்தின் நிதானத்தில், குழைவில், ஒரு கார்வையின் (சுரத்தை நீட்டி நிறுத்துவதன்) நீளத்தில் உயிர்வாழ்வது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். தம் வீட்டில் இல்லாததை மகள் வெளியே சென்று கற்க வேண்டும் என்று நினைத்த தாயின் தெளிவை நான் வியக்கிறேன். பிருந்தாவும் முக்தாவும் நாயனாப் பிள்ளையிடமிருந்து தியாகராஜர் கிருதிகளையும் திருப்புகழையும் ஏராளமாகக் கற்றார்கள். பிற்காலத்தில் பிருந்தா எத்தனை மெதுவாகப் பாடினாலும் தாளம் இம்மியும் தளராமல் நின்றதற்குக் காஞ்சிபுரத்துப் பயிற்சியே காரணம் என்பது என் கணிப்பு.

பிருந்தாவின் பாடாந்தரம், அதாவது வழிவழியாகக் கற்றுவந்த பாடல்களும் பாடும் முறையும், எத்தகையது என்பதை இசை அறியாத வாசகர்களுக்கும் சொல்ல முயல்கிறேன். க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்கள், தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகள் (துள்ளலான காதல் பாடல்கள்), முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கிருதிகள், இவற்றோடு கனம் கிருஷ்ணையர், சுப்பராமையர் போன்றோரின் தமிழ்ப் பதங்கள் ஆகியவை அந்த வீட்டின் செல்வம். கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்தவர், உ.வே.சா.வின் தந்தையாருக்கு இசை ஆசான். தமிழிசைக்கு எவ்வளவோ பாடுபட்ட நாம், இத்தமிழ்ப் பதங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த பெண்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அத்தகைய பதம் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை என் வகுப்பிலிருந்தே சொல்கிறேன். கனம் கிருஷ்ணையரின் பைரவிப் பதமான ‘வேலவரே’யை, நன்றாகப் பாடக்கூடிய ஒரு மாணவிக்கு எடுத்தேன். அவள் சுரங்களை நோட்டுப் புத்தகத்தில் பிழையின்றி எழுதிக்கொண்டாள். ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம், எல்லாம் சரி. ஆனால் பதம் வரவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் குரல் இழைந்து போகும் வழி, எழுதிய எந்தச் சுரத்திலும் இல்லை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தம் தெரியாமல் தளர்த்த வேண்டும், சொல் முடிந்த பின்னும் அதன் ஏக்கம் எவ்வளவு நேரம் கார்வையில் நிற்க வேண்டும் என்பனவற்றை எழுதவே முடியாது. பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டாள், கண் கலங்கினாள். பாடியபோது மீண்டும் சுரங்களே வந்தன. ஒலிப்பதிவு பாடிக் காட்டும். ‘நீ பாடியது அது இல்லை, இன்னும் ஒருமுறை பாடு’ என்று சொல்லாது. அதைச் சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக வாழ்நாள் முழுவதும் இருந்தவர் பிருந்தா.

அவரிடம் கற்றவர்கள் எல்லோரும் அவரைக் கண்டிப்பானவர் என்றே சொல்வார்கள். ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றிப் பாடும் ஒரு வகை) உள்ளபடி அமையும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். கேட்டுக் கேட்டுப் பாடுவதே முறை. பாராட்டு எளிதில் வராது. இன்றைய பெற்றோர்கள் சிலருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிகிறது. உன்னால் இது முடியும் என்று உள்ளூர நம்புகிறவர்தான் அத்தனை முறை திருப்பிச் சொல்லச் சொல்வார். பேகடாவின் மத்தியமமும் நிஷாதமும் ஏட்டில் குறித்த இடத்தில் நிற்பவை அல்ல. சற்றே விலகி, அந்த இராகத்துக்கு மட்டுமே உரிய இடத்தில் நிற்பவை. முகாரிக்கும் சஹானாவுக்கும் யதுகுல காம்போதிக்கும் இப்படியே ஒவ்வொரு நுட்பம் உண்டு. ஒலிபெருக்கியும் பெரிய அரங்குகளும் வந்து, விறுவிறுப்பே கச்சேரியின் அளவுகோலாகிவிட்ட காலத்தில் இந்த நுட்பங்கள் தேய்ந்து போயிருக்க வேண்டியவை. தேயாமல் இன்றும் பாடகர்கள் சிலருடைய குரலில் கேட்கின்றன என்றால், விட்டுக்கொடுக்காத ஓர் ஆசிரியை நடுவில் இருந்தார் என்பதே காரணம்.

அவர் வாழ்ந்த காலமும் எளிதானதன்று. சென்னை மாகாணத்தில் 1947-இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டம் தேவையானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எழுந்த பேச்சில், தாயிடமிருந்து மகளுக்குக் கலை சென்ற வீடுகள் அனைத்தும் ஒரே பழியால் மூடப்பட்டன. சிருங்காரப் பதங்களைப் பாடுவதே தகாதது என்று கருதியவர்கள் இருந்தார்கள். அந்தச் சூழலில் பாலசரஸ்வதி ஆடியும், பிருந்தாவும் முக்தாவும் பாடியும், அப்பதங்களின் கண்ணியத்தைச் சபையில் நிலைநாட்டினார்கள். பதத்தில் நாயகி படும் ஏக்கத்தை ஒருபோதும் மலினமாக்காமல், அதே சமயம் பக்தி என்ற போர்வைக்குள் ஒளிக்காமலும் பாடிய அந்த நேர்மையை எந்த விருதாலும் அளக்க முடியாது. விருதும் வராமல் இல்லை. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பாலசரஸ்வதிக்கு 1973-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும் வழங்கப்பட்டது.

வீட்டில் நடந்த பாடம் கல்லூரிக்கு இடம்பெயர்ந்ததும் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பகுதி. முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்த சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் பிருந்தா ஆசிரியையாகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் சென்று கற்பித்தார். தெலுங்கும் தமிழும் அறியாத மாணவர்களுக்கு அங்கே அவர் பாடம் எடுத்திருப்பார் என்று நினைக்கும்போது, சொல்லின் துணையின்றிக் குரலைக் கொண்டே இசையை உணர்த்தும் திறன் அவருக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சிஷ்யர்களின் வரிசையைப் பார்த்தால், அதில் புகழின் உச்சியில் இருந்தவர்களும் அடக்கம் என்பது தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமி பதங்களை அவரிடம் பாடம் செய்துகொண்டார். செம்மங்குடி சீனிவாச ஐயரும், இராமநாதபுரம் கிருஷ்ணனும் அவரிடமிருந்து கற்றார்கள். கச்சேரி உலகில் கொடிகட்டிப் பறந்த வித்வான்கள் ஒரு பெண்மணியின் எதிரே சிஷ்யராக அமர்ந்தது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று. அது அவர்களுக்கும் பெருமை. அடுத்த தலைமுறையில் அருணா சாய்ராம், மும்பையில் சிறுமியாக இருந்தபோதே அவரிடம் கற்கத் தொடங்கியவர். இவர்களைத் தவிர, மேடைக்கே வராமல், கற்றதைத் தம் வீட்டுக் கூடத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு.

இனி, தாயாக அவரைப் பற்றி. பிருந்தாவின் மகளுக்கு வேகவாகினி என்று பெயர். அது ஓர் இராகத்தின் பெயர், தீட்சிதர் மரபில் சக்கரவாகத்தின் இடத்தில் பாடப்படுவது. அந்த மகளும் தாயிடமே கற்று, கச்சேரிகளில் தாயோடு சேர்ந்து பாடினார். வெளியிலிருந்து பார்க்க இது இயல்பாகத் தோன்றும். என் மகளுக்கு நானே பாடம் எடுத்து வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஊரார் பிள்ளை, டீச்சர் சொன்னால் பத்து முறை பாடும். நம் பிள்ளை மூன்றாவது முறையிலேயே ‘போதும்மா’ என்று தம்பூராவைக் கீழே வைத்துவிடும். காலையில் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிய அதே குரல் மாலையில் ‘சுருதி சேரவில்லை’ என்றால் குழந்தையின் முகம் வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்தால் தாயின் மனம் இளகும். இளகினால் பாடம் கெடும். அதைக் கடந்து, மகளைத் தம் பக்கத்தில் அமர்த்திப் பாடும் அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அங்கே பாசமும் கண்டிப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ்ந்திருக்க வேண்டும். காமாட்சி அம்மாளிடம் பெற்றதை வேகவாகினியிடம் சேர்த்த அந்த இடைப்பட்ட ஆண்டுகளை எந்தக் கச்சேரி விமரிசனமும் பதிவு செய்யவில்லை. தனம்மாளின் வீணையொலியை இன்று கேட்க மிகச் சில இசைத்தட்டுகளே உண்டு. ஆனாலும் அவருடைய இசை எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் உணர முடிகிறதென்றால், பேத்திகள் அதைக் குரலில் காத்து, பிறரிடம் ஒப்படைத்ததே காரணம்.

ஆகவே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மார்கழியில் கச்சேரி விமரிசனங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறீர்கள். அதில் வாரம் ஒரு பத்தியையாவது சொல்லிக்கொடுத்தவர்களுக்கு ஒதுக்குங்கள். பிருந்தாவிடமும், 2007-இல் மறைந்த முக்தாவிடமும் நேரில் அமர்ந்து கற்றவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களைத் தங்கள் நிருபர்கள் சந்தித்து, பாடம் எந்நேரத்தில் தொடங்கும், எந்தப் பதத்தை முதலில் எடுப்பார், எந்தச் சங்கதிக்கு எத்தனை நாள் ஆயிற்று, எதற்குக் கோபித்துக்கொள்வார், எப்போது சிரிப்பார் என்பனவற்றைக் கேட்டு எழுதட்டும். இவை அற்பச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். என்னைப் போன்று சிற்றூர்களில் இருந்துகொண்டு ஒலிநாடாவையும் நினைவையும் நம்பிப் பதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளுக்கு, அந்த விவரம் ஒவ்வொன்றும் ஒரு பாடம். அவ்வாறு எழுதும் கட்டுரையில் காமாட்சி அம்மாளின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாய்ப்பாட்டு ஆசிரியை ஒருவர்,
மயிலாடுதுறை.